மைக்ரோமீட்டர் டை வாங்கணுமா? புல்லட்ட எவ்ளோ ஆழம் இறக்கணும்?

கேள்வி: அண்ணா, டெக்சாஸ்ல இருக்கேன், மான் வேட்டைக்கு 6.5 க்ரீட்மூர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வச்சிருக்கேன், இப்பதான் வீட்ல ரீலோடிங் (தோட்டாவ நாமளே தயாரிக்கறது) ஆரம்பிச்சிருக்கேன். லோடிங் புக்ல முழு தோட்டாவுக்கு ஒரு நீளம் போட்டிருக்கு. ஃப்ரெண்டு என்னடான்னா புல்லட்ட லேண்ட்ஸ்ல (பேரல் உள்ள இருக்கற சுருள் மேடுகள்) இருந்து 0.010 இன்ச் தள்ளி வை, குரூப் (குண்டுகள் படற பரப்பு) சுருங்கும்ங்கறான். கடைல மைக்ரோமீட்டர் சீட்டிங் டை (புல்லட்ட கேஸுக்குள்ள, அதாவது தோட்டா உறைக்குள்ள இறக்கற கருவி) வாங்க சொல்றாங்க. எதுல காசு போடுறது?

பதில்: டைய இப்ப வாங்காதீங்க தம்பி. அது ஆழத்த துல்லியமா மாத்த உதவும், அவ்ளோதான். உங்க பேரல்ல ரைஃபிளிங், அதாவது அந்த லேண்ட்ஸ், எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு அது சொல்லாது, அது தெரியாம 0.010ன்னு பேசி என்ன பண்றது? முதல்ல நல்ல டிஜிட்டல் கேலிப்பர், அப்புறம் புல்லட் லேண்ட்ஸ தொடுற நீளத்த அளக்கற ஹார்னடியோட ஓஏஎல் கேஜ் மாதிரி ஒண்ணு (போல்ட் ஆக்‌ஷனுக்கு நேரா இருக்கறது, வளைஞ்சது வேற ரகம்), அதுக்கு 6.5 க்ரீட்மூர் மாடிஃபைடு கேஸ் (அந்த கேஜ்ல மாட்டறதுக்குன்னு துளை போட்ட காலி உறை), கூடவே கம்பேரேட்டர் (கேலிப்பர்ல மாட்டற அளவு துண்டு). புல்லட் முனை ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசப்படும், அதனால முனைய வச்சு அளக்காம, சரிவுல கம்பேரேட்டர் உக்கார்ற இடத்த வச்சு அளக்கணும். அந்த நம்பர் உங்க கம்பேரேட்டருக்கு மட்டும்தான், ஃப்ரெண்டோட நம்பரோட ஒப்பிடாதீங்க, புல்லட் மாடல் மாத்தினா திரும்பவும் அளக்கணும்.

அடுத்து மேகசின உள்ளுக்குள்ள அளந்து பாருங்க. எஸ்ஏஏஎம்ஐ (அமெரிக்க தோட்டா, துப்பாக்கி தர அமைப்பு) கணக்குல இந்த கார்ட்ரிட்ஜோட அதிகபட்ச நீளம் 2.825 இன்ச். லேண்ட்ஸ தொட இன்னும் நீளம் வேணும்னா ரவுண்டு மேகசின்ல போகாமலே போகலாம், அப்போ ஃப்ரெண்டு சொன்னது உங்களுக்கு உதவாது.

வேட்டைக்குன்னா நான் லேண்ட்ஸ் பக்கத்துலயே போக மாட்டேன். புல்லட் ரைஃபிளிங்ல மாட்டிக்கிச்சுன்னா, சுடாத ரவுண்ட வெளிய எடுக்கும்போது கேஸ் மட்டும் வந்து பவுடர் ஆக்‌ஷனுக்குள்ள கொட்டிடும், காட்டுல நின்னுகிட்டு அத சுத்தம் பண்றத நெனச்சு பாருங்க. அதோட லேண்ட்ஸ தொட்டாலே பிரஷர் ஏறும். ரொம்ப ஆழமா இறக்கினாலும் கேஸுக்குள்ள இடம் குறைஞ்சு பிரஷர் ஏறும், இத பல பேர் யோசிக்கறதே இல்ல. அதனால எந்தப் பக்கம் மாத்தினாலும் புக்ல இருக்கற ஸ்டார்ட்டிங் லோடுக்கு (ஆரம்பிக்கற குறைஞ்ச பவுடர் அளவு) இறங்கி வந்துட்டு மெல்ல ஏறுங்க, மேக்ஸிமம் லோட வச்சுகிட்டு ஆழத்தோட விளையாடவே கூடாது.

புக் நீளத்துல ஆரம்பிங்க, லேண்ட்ஸ்ல இருந்து 0.020 இன்சாவது இடைவெளி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. பார்ன்ஸ் மாதிரி முழு காப்பர் புல்லட்டுன்னா 0.050 இல்ல அதுக்கு மேலயே விடுங்க. நீளமான, காத்துத் தடை குறைஞ்ச விஎல்டி ரகத்துக்கு பெர்கர் கம்பெனி 0.040 இன்ச் பெரிய படியா மாத்தி டெஸ்ட் பண்ண சொல்லுது, சில புல்லட்டுக்கு லேண்ட்ஸ விட்டு நல்லா தள்ளி இருக்கற இடத்துலதான் குரூப் நல்லா வருது.

ஒண்ணு கவனிங்க, கூர்மையான நீள புல்லட்டோட முனை உங்க டைல இருக்கற சீட்டிங் ஸ்டெம் (புல்லட்ட அழுத்தற தண்டு) அடிய முட்டுச்சுன்னா ஆழம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மாறும். அதுக்குன்னு தனி ஸ்டெம் விக்கறாங்க, புது டைய விட ரொம்ப சீப். இவ்ளோவும் செஞ்சு, அடிக்கடி புல்லட் மாத்தி டெஸ்ட் பண்ற பழக்கம் வந்துச்சுன்னா அப்ப மைக்ரோமீட்டர் டை வாங்குங்க.