மழைக்காலத்தில் வீட்டு மின்சார கார் சார்ஜர்: கேள்வி பதில்

களியக்காவிளைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டும் கொட்டும் மண் இது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, போர்ட்டிகோ சுவரில் சார்ஜர். ஐபி65 என்று போட்டிருக்கிறது. சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது, தாங்குமா?

6 என்றால் தூசி புகாது. 5 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் அது கம்பெனியிலிருந்து வந்த பெட்டிக்கு. நம் ஆள் டிரில் போட்ட ஓட்டைக்கு அந்த எண் பொருந்தாது. ஒரு வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பைப்பை மேலிருந்து இறக்கியிருந்தார்கள். கேபிள் வழியே தண்ணீர் வழிந்து, டெர்மினல் ஸ்க்ரூ முழுக்கப் பச்சைக் களிம்பு. கேபிள் கீழிருந்துதான் ஏற வேண்டும், கேபிள் கனத்துக்கு ஏற்ற கிளாண்டுடன் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு மூடி). நுழைவதற்கு முன் ஊஞ்சல் கயிறு மாதிரி ஒரு தொய்வு விடுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும். இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் சார்ஜருக்கு மேல் கூரை போடுங்கள். வெயிலுக்கும் அது நல்லது.

கொல்லங்கோட்டிலிருந்து: கடல் காற்றில், காரில் சொருகும் கன்னின் (கேபிள் முனைக் கைப்பிடி) உலோகப் பின்கள் பச்சை பிடித்துவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம் அக்கா. உப்பும் தூசியும் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாளும் கூடாது, மேல்பூச்சு போய்விடும். சார்ஜருக்குக் கரண்ட் போகும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, நன்றாகக் காய விடுங்கள். கருகியிருந்தால் கன்னை மாற்றத்தான் வேண்டும். சார்ஜ் முடிந்ததும் ஹோல்டரில் வாய் கீழே பார்க்க மாட்டுங்கள்.

கூடலூரிலிருந்து: மழையே படவில்லை, ஆனாலும் பெட்டிக்குள் நீர்த்துளி?

சார்ஜ் ஆகும்போது பெட்டி சூடாகும். நின்றதும் குளிர்ந்து, வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். மலைப்பக்கம் இது சகஜம். அதற்காகச் சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைக்காதீர்கள். சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கமும் இரண்டு ஓரமும் பூசி, கீழே திறந்து விடுங்கள். கம்பெனி வைத்த காற்றுத் துளை இருந்தால் அதையும் அடைக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: மழை வந்தால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்கிறார்.

தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் உயிரைக் காக்க அது விழுகிறது. காரிலிருந்து கன்னை எடுத்துவிட்டு ஆர்சிசிபியைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் பெட்டியிலோ வயரிங்கிலோ ஈரம். கார் மாட்டும்போது மட்டும் விழுந்தால் கன்னிலோ காரிலோ கோளாறு. எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: கொட்டும் மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். காரும் சார்ஜரும் சிக்னல் பேசி முடிக்கும்வரை கன் முனைக்கு மின்சாரம் வராது. ஆனால் கன் தேங்கிய தண்ணீரில் விழுந்திருந்தால் காயும்வரை மாட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காலத்திலும் வேண்டாம். இடி இறங்கும் ஊர் என்பதால் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) ஒன்று போட்டுவிடுங்கள். வானம் இருட்டும்போதே கன்னைக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் அதைத் தொடப் போகாதீர்கள்.