நானோ துகள்கள் அம்மாவுக்கு உதவுமா?

கேள்வி: சேலத்தில் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறும் என் தாயாரின் புற்றுநோய்க்கு நானோ துகள்கள் பயன்படுமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: தங்கள் கவலை புரிகிறது, சகோதரி. 2018இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ ஆகியோரின் கண்டுபிடிப்பால் பிறந்த மருந்துகள், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்களைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை நீக்குகின்றன. ஆயினும் இம்மருந்துகள் உடலெங்கும் பரவுவதால் குடல், நுரையீரல் போன்ற நல்ல உறுப்புகளும் தாக்கப்படலாம். மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு நுண்ணிய கொழுப்பு நானோ துகளுக்குள் கட்டியின் அடையாளத்தைச் சுமந்த எம்ஆர்என்ஏ என்னும் மரபுச் செய்தி மூலக்கூறை வைத்துச் செலுத்தினால், நிணநீர்க் கணுக்களிலுள்ள டென்ட்ரிட்டிக் செல்கள் எனும் காவல் செல்கள் அதை உட்கொண்டு, எதைத் தாக்க வேண்டும் என்பதை டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் வழி இதுவே. எனினும், துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்வது பெரிய இடராக நீடிக்கிறது. கட்டியை அடையாளம் காட்டும் இத்தகைய துகள்கள், அதாவது புற்றுநோய்த் தடுப்பூசிகள், மருத்துவ ஆய்வில்தான் உள்ளன. ஆகவே இப்போதைய சிகிச்சையை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ தோன்றினால், மலையிறங்கவே நேரமாகும் என்பதால், மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்.