டிபிபிஹெச் அளவு மைனஸில் வருகிறதா? குவெட்டைப் பாருங்கள்

கேள்வி: மீன் கழிவுச் சதையை ஆல்கலேஸ் நொதி சேர்த்து 4 மணி நேரம் நீராற்பகுத்தேன் (புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டினேன்). டிபிபிஹெச் சோதனையில் (ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் ஊதாச் சாயம் வெளிறும்) ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறக்குறைய பூஜ்யம்; ஒரு குழாயில் மைனஸ். நேரத்தைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். முதலில் குவெட்டை (ஒளி அளக்கும் கருவியில் வைக்கும் சிறு கலம்) வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஊதா நிறத்துக்குள் மாவு கரைத்ததுபோல் மங்கல் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் அளவீட்டில்தான். டிபிபிஹெச் இருப்பது எத்தனாலில். பெப்டைடுகளோ (வெட்டிய புரதத் துண்டுகள்) நீரில் கரைபவை. எத்தனால் பட்டதும் பெரிய துண்டுகள் திரிந்துவிடும். அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் அளவு ஏறி, சாயம் வெளிறாததுபோலத் தெரிந்து, திறன் இல்லாததுபோல் காட்டும்.

இருட்டில் 30 நிமிடம் வைத்தபின் மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை மட்டும் அளவிடுங்கள். டிபிபிஹெச் இல்லாமல் மாதிரியும் எத்தனாலும் மட்டும் சேர்த்த பிளாங்க் ஒன்றை வைத்து, அதன் அளவைக் கழியுங்கள். ஏபிடிஎஸ் என்ற இன்னொரு சாய முறையிலும் (734 நானோமீட்டர்) பார்த்துவிடுங்கள். அதை நீரிலேயே நடத்த முடிவதால் பெப்டைடுகளுக்கு இன்னும் நம்பகமானது.

அதிலும் குறைவாக வந்தால் தயாரிப்பைச் சந்தேகிக்கலாம். பிஹெச் 8, 55 டிகிரி செல்சியஸ், புரத எடையில் 1 முதல் 2 சதவீதம் நொதி: தொடங்க இது போதும். பிணைப்புகள் அறுபட அறுபட பிஹெச் இறங்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு 8-லேயே வைத்திருக்காவிட்டால் நொதி சோர்ந்துவிடும். 30, 60, 120, 240 நிமிடங்களில் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் உடனே 95 டிகிரியில் 15 நிமிடம் வைத்து நொதியைச் செயலிழக்கச் செய்யுங்கள். திறன் ஓர் உச்சத்துக்குப் போய் இறங்குவது வழக்கம். அளவுக்கு மீறி வெட்டினால் நல்ல பெப்டைடுகளும் சிதைந்துபோகும்.

நொதியைச் செயலிழக்கச் செய்த மாதிரியைச் சுழற்றினால் குழாயில் மேலே எண்ணெய், அடியில் வண்டல். உங்களுக்கு வேண்டியது நடுவிலுள்ள நீர் மட்டும். எண்ணெய் கலந்தால் அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து முடிவைக் கெடுக்கும். கொழுப்பு மீன் என்றால் முன்பே கொழுப்பு நீக்குங்கள்.

நொதி மட்டும் உள்ள குழாய், நொதி சேர்க்காத சதை என்ற இரண்டு ஒப்பீடுகளும் கட்டாயம். சதையிலேயே அன்செரின் போன்ற சிறு பெப்டைடுகள் இயல்பாக உண்டு. அவற்றின் திறனை நொதியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

டைரோசின், சிஸ்டைன் என்ற அமினோ அமிலங்கள் உள்ள பெப்டைடுகள் டிபிபிஹெச்சில் தெரியும். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இரும்பைப் பிடித்துவைத்துக் காக்கும் வேலை அதில் தெரியாது. அதற்கு ஃபெரோசின் சோதனையைத் (562 நானோமீட்டர்) தனியாகச் செய்யுங்கள்.