கன்பரா பனியில காஞ்ச மூங்கில் (கடிதமும் பதிலும்)

வணக்கம் தம்பி. நீங்க செடிகொடி பத்தி எழுதுறத விடாம படிக்கிறவ, அந்த உரிமையில கேக்குறேன். என் மக ஆஸ்திரேலியாவுல, கன்பராவுல இருக்கா. எங்க வீட்டு வேலியோரம் இருந்த மஞ்ச மூங்கில் ஞாபகத்துல, அதே மாதிரி மஞ்ச தண்டுல பச்சை கோடு போட்ட ஒண்ணு வாங்கி ஆறு வருஷமா வளத்தா. இந்த ஜூலை பனியில ஒரே வாரத்துல இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. மருமகன் அடியோட வெட்டிடலாம்ங்கிறார், இவ போன்ல அழுவுறா. போட்டோ அனுப்பியிருக்கேன். பொழைக்குமா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

வணக்கம்மா. மொதல்ல மருமகன்கிட்ட கத்திய உள்ள வைக்கச் சொல்லுங்க, நவம்பர் வரைக்கும் ஒரு தண்டையும் தொட வேணாம்.

போட்டோவ பெருசாக்கி பாத்தேன். மக கை பக்கத்துல இருக்கு, தண்டு அவங்க கட்டைவிரல் மொத்தம்தான். அதுதான் எனக்கு நம்பிக்கை. நம்ம ஊரு மஞ்ச மூங்கில் கை மொத்தம் வரும், பூஜ்யத்துக்கு கீழ ஒண்ணு ரெண்டு டிகிரி போனாலே அடிபட்டுடும். இது பாக்கத்தான் அதே மாதிரி, ஆனா வேற ஜாதி, நர்சரியில அல்போன்ஸ் கார் (Alphonse Karr)ங்கிற பேர்ல விப்பாங்க, மைனஸ் 7, 8 வரைக்கும் தாங்கக்கூடியது. அங்க ஜூலைதான் குளிர்காலம், கன்பராவுல ராத்திரி மைனஸ் 5 போறது சாதாரணம். நமக்கு இந்தக் குளிர் மனசுல ஏறாதும்மா, நம்ம மலேசியாவுல பதிவானதுலயே ஆகக் குறைஞ்சது 1978 பிப்ரவரியில கேமரன்மலையில 7.8 டிகிரி, அதுவே பூஜ்யத்துக்கு மேலதான்.

மூங்கில மரம்னு நெனச்சுதான் எல்லாரும் தப்பு பண்றோம். வெளிய வைரமா, அதாவது கெட்டியா, இருந்தா புல்லு, உள்ள வைரமா இருந்தா மரம்னு தொல்காப்பியமே பிரிச்சு வெச்சிருக்கு, அப்படிப் பாத்தா மூங்கில் புல்லு. ஒரு தண்டு எந்த மொத்தத்துல மண்ண விட்டு கெளம்புதோ சாகுற வரைக்கும் அதே மொத்தம்தான், சில மாசத்துல முழு உயரம் ஏறிடும், நடுவுல வெட்டினா அதுக்கு மேல உயராது. ஆனா இலை போனா கணுவுல இருந்து திரும்ப இலை விடும். அதனால இலை காஞ்சத வெச்சு தண்டு செத்துடுச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். எங்க அக்காவும் ஆஸ்திரேலியாவுலதான், டூவூம்பாவுல இருக்காங்க, அங்கயும் பனி விழும். அவங்க மூங்கில் இதே மாதிரி காஞ்சப்போ வெட்டுங்க, துளிர்த்துடும்னு சொன்னது நான்தான், இங்க கோலாலம்பூர் செந்தூல்ல எத வெட்டினாலும் பத்து நாள்ல துளிர்க்கிற பழக்கத்துல. பச்சையா இருந்த தண்டெல்லாம் போச்சு, மண்ணுக்குள்ள இருக்குற கிழங்குக்கு சோறு போட இலை இல்ல, அடுத்த ரெண்டு வருஷம் பென்சில் மொத்தத்துலதான் முளை வந்துச்சு. அக்கா ஒரு வார்த்தை குத்தம் சொல்லல, எனக்குத்தான் இன்னும் உறுத்துது.

மகள ஒண்ணு செய்யச் சொல்லுங்க. கணு மேல, கிளை பிரியுற எடத்துல, நகத்தால லேசா சுரண்டிப் பாக்கட்டும். உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா இருந்து சின்னக் குச்சி படக்னு ஒடிஞ்சா அந்தக் கிளை போச்சு, ஆனா மேல போனாலும் கீழ் கணு பச்சையா இருக்கும், ஒவ்வொண்ணா பாக்கணும். உங்க போட்டோவுல இடது பக்கம் மூணாவது தண்டுல கீழ்க் கணுவ சுத்தி பச்சை இன்னும் மங்கல.

இப்போ யூரியா போடவே வேணாம், இளந்துளிர் கெளம்பி அடுத்த பனியில மாட்டிக்கும், அங்க அக்டோபர்லகூட பனி விழும். பனி ஓஞ்சதும் உரம் குடுக்கலாம். இலை இல்லாத செடி தண்ணி கம்மியாத்தான் குடிக்கும், மண்ணு காயாம இருந்தா போதும். உதுந்த இலைய கூட்டி எறிய வேணாம், அது அடியிலயே கெடக்கட்டும், வேருக்கு போர்வை, மக்கினா அதுல இருக்குற சிலிக்காவும் மண்ணுக்கே போகும்.

நவம்பர் கடைசியிலயும் துளிர்க்காத தண்ட அடியோட எடுத்துடலாம், கணுவுக்கு ஒட்டி மேல வெட்டணும், இல்லன்னா குழியில தண்ணி நிக்கும், நம்ம ஊர்ல அதுலதான் டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை போடுது. மேல எல்லாமே செத்திருந்தாலும் கிழங்கத் தோண்டிட வேணாம், இது கொத்து மூங்கில், புது முளை அங்கத்து கோடையிலதான் வரும், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னு பொறுக்கணும்.

அக்டோபர் கடைசியில அதே மூணாவது தண்ட, அதே கணுவ, கிட்ட வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா.