அந்த 13 பேர் எங்கே, டீச்சர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்ய, சனி ஞாயிறுகளில் இலவச வகுப்பு நடத்துகிறேன். பத்தாம் வகுப்பில் 350க்கு மேல் எடுத்தவர்களைச் சேர்த்துக்கொள்வோம். போன ஜூனில் 41 பேர் வந்தார்கள். கடைசிவரை இருந்த 28 பேரில் 26 பேர் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். செலவுக்குப் பணம் தரும் என் பழைய மாணவரோ, “நீங்க இல்லாட்டியும் அவங்க சேர்ந்திருப்பாங்களே டீச்சர்?” என்கிறார். மனசு விட்டுப்போச்சு. என்ன பதில் சொல்ல?
- ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கோபப்படாதீர்கள் டீச்சர். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே! குத்தலாக இருந்தாலும் அவர் கேட்டது சரியான கேள்வி.

அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் கேட்டுப் பார்த்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் முதல் தலைமுறையாகப் படிப்பவர்களையும் கல்லூரிக்குத் தயார்செய்ய, அங்கே ‘அப்வர்ட் பவுண்ட்’ என்று ஓர் அரசுத் திட்டம் 1965 முதல் நடக்கிறது. 1990களில் 67 மையங்களில், விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு இடம் கிடைத்தது, இன்னொரு தரப்புக்கு இல்லை. இரண்டு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். 2009இல் வந்த கடைசி அறிக்கைப்படி, கல்லூரியில் சேர்ந்தவர்கள் கணக்கில் மொத்தமாகப் பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இடம் கிடைக்காதவர்களில் பலரும் எப்படியோ சேர்ந்திருந்தார்கள். விண்ணப்பம் போடும் அளவுக்கு முனைப்பு இருந்த பிள்ளைகள்தானே! கணக்கில் ஒரே ஒரு மையத்துக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுத்துவிட்டார்கள் என்று இதில் பெரிய சண்டையும் நடந்தது. திருப்பிக் கணக்குப் போட்டவர்கள் பலன் உண்டு என்றார்கள்.

சண்டையை விடுங்கள். எனக்குப் பிடித்தது அதே ஆய்வில் உள்ள இன்னொரு விஷயம். பட்டப்படிப்பெல்லாம் நமக்கு எங்கே என்று நினைத்திருந்த பிள்ளைகளிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது உங்கள் 350ஐப் பாருங்கள். அவ்வளவு எடுத்த பிள்ளைக்கு டீச்சர் சொல்லித்தான் கல்லூரி ஆசை வர வேண்டும் என்பதில்லை. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிக்கென்று 7.5 சதவீத இடம், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் என்று வழியும் ஓரளவு திறந்திருக்கிறது. உங்கள் கை தேவைப்படுவது 280 எடுத்தவனுக்கு. அந்த வரம்பை எடுத்துவிடுங்கள். இருக்கிற இடத்தைவிட அதிகம் பேர் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குடவோலை கண்ட மண் நம்முடையது, யாரும் கோபிக்க மாட்டார்கள். சீட்டு விழாத பிள்ளைகளின் பெயரையும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள்தான் வேண்டும்.

போன வருஷத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. உங்கள் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருஷத்துப் பிள்ளைகளில், இதே அளவு மதிப்பெண் எடுத்தவர்கள் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று பள்ளியில் விசாரியுங்கள். துல்லியமாக இருக்காது, ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

அப்புறம், அந்த 13 பேர். 28க்கு 26 என்றால் 93 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 41க்கு 26 என்றால் 63தான். இடையில் நின்றுவிட்ட அவர்களில் சிலர் சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போயிருக்கலாம். அப்படியென்றால் வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்ற வேண்டும். சிலர் பஸ் கிடைக்காமல் நின்றிருக்கலாம். சிலர் உங்கள் வகுப்பு இல்லாமலே கல்லூரியில் சேர்ந்திருக்கலாம், அது உங்கள் மாணவர் கேள்விக்குப் பாதிப் பதில். எங்குமே சேராதவர்கள் இருந்தால், அப்படிப்பட்டவர்களைக் கல்லூரியில் சேர்க்க அரசு நடத்தும் ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்குக் கூட்டிப்போங்கள்.

சேர்ந்த 26 பேரையும் விண்ணப்பத்தை வைத்து எண்ணாதீர்கள், கட்டண ரசீதைப் பாருங்கள். ரிசல்ட் வந்த பிறகு வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் அலைந்து ஓய்ந்துபோய் நிற்கிற வீடுகள் உண்டு. இரண்டாம் ஆண்டிலும் ஒருமுறை போன் போட்டு, எத்தனை அரியர், இன்னும் போகிறார்களா என்று கேளுங்கள்.

உங்கள் மாணவருக்கு இப்போதைக்கு இவ்வளவு எழுதினால் போதும்: “தெரியலை தம்பி. 41 பேர் வீட்டுக்கும் போய் விசாரிச்சுட்டுச் சொல்றேன்.” பஸ் செலவை அவரிடமே கேளுங்கள்.