சார்ஜ் தீர்ந்த டியாகோ இவி-யை (டாடாவின் மின்சாரக் கார்) கயிறு கட்டி இழுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் காரில் நியூட்ரல் போட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுவிடும். இந்த மின்சாரக் காரில் கிளட்ச் கிடையாது, ஒரே கியர்தான். நியூட்ரலில் இருந்தாலும் முன்சக்கரம் சுற்றினால் மோட்டாரும் கூடவே சுற்றும். உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம் என்பதால் டைனமோ போல மின்சாரம் உண்டாகும். வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏறும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பழுதாகலாம். கார் அணைந்திருந்தால் பிரேக் மிதி இறுகிவிடும், ஸ்டீயரிங் கனக்கும். கயிற்றின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உயிராபத்து.

நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால், முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டி. ஓரங்கட்ட நாலடி தள்ளினால் ஒன்றும் ஆகாது.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டால் கார் கிளம்பாது. அதை ஜம்ப் ஸ்டார்ட் செய்தாலே (வேறொரு 12 வோல்ட் பேட்டரியை கேபிளால் இணைத்துக் கிளப்பினாலே) போதும்.

தினசரி ஓட்டத்தில் நகரத்துக்குள் கவலையே இல்லை, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். நெடுஞ்சாலையில்தான் கவனம் வேண்டும்: சார்ஜ் குறைவாக இருந்தால் 100-ல் போகாமல் 80-ல் போங்கள், ரேஞ்ச், அதாவது இருக்கும் சார்ஜில் ஓடும் தூரம், நன்றாகவே கூடும்.