மூன்றாவது முறை எழுத வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு அப்பாவும் அம்மாவும் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. மாதிரித் தேர்வு என்றாலே முந்தின ராத்திரி வயிற்று வலி, காலையில் வாந்தி. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு டாக்டராவது வேண்டாமா, இன்னும் ஒரு வருஷம் உட்காரட்டும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறாராம். இந்த வயதில் இது சகஜம்தான் என்று நானும் ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். அந்தப் பெண் கட்டைவிரல் நக ஓரத்தை ரத்தம் வரும் வரை கிள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

அவர்களிடம் சொன்னதையே, இதே நிலையில் இருக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. ஆபத்து என்று மூளை நினைத்த நொடியில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறுகிறது, செரிமானம் தடுமாறுகிறது. விதவிதமான கெடுதல்களுக்கு ஆளான எலிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி, இந்த ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்து, இரைப்பையில் புண் வந்ததை மன அழுத்த ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் செல்யே 1936-லேயே எழுதிவிட்டார். வயிறு முதலில் அடிவாங்குவது புதிய கதையில்லை.

"பக்கத்து வீட்டுப் பையனும் இதே தேர்வைத்தானே எழுதினான்?" என்று அம்மா கேட்டார். எழுதினான், சரி. ஆனால் ஒவ்வொருவருக்கும் தாங்கும் அளவு வேறு. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயைப் பற்றி எழுதும்போது உளவியலாளர்கள் ஜூபினும் ஸ்பிரிங்கும் 1977-ல் இதைத்தான் முன்வைத்தார்கள்: உள்ளே இருக்கும் பாதிப்புக்குள்ளாகும் தன்மையும் வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் சேர்ந்துதான் ஒருவரைச் சாய்க்கின்றன. பரம்பரை, சின்ன வயதில் பட்டது, தூக்கம், வீட்டில் மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்பது, எல்லாம் அந்த அளவை ஏற்றி இறக்கும். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள், அந்தச் சொல்லே ஒரு சுமை.

சமாளிப்பதிலும் இரண்டு வகை உண்டு என்று உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984-ல் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று பிரச்சினையையே மாற்றுவது, இன்னொன்று அது கிளப்பும் உணர்ச்சியை ஆற்றுவது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் படபடப்பு குறையும்தான், தினமும் 7 மணி நேரமாவது தூங்கினால் படித்ததும் மனதில் தங்கும், இரண்டையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் தலையில் மூட்டையை ஏற்றிக்கொண்டே இருந்துவிட்டு மூச்சுப் பயிற்சி செய் என்பது நியாயமே இல்லை. மூட்டையை இறக்குவதும் சமாளிப்புதான். வாழ்வதில் அர்த்தமில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், கல்லூரிப் பேச்சையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

என்ன செய்தால் நேரம் போவதே தெரியாது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, பக்கவாதத்துக்குப் பிறகு பாட்டியால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, அதன் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன், இப்போது தானே சாப்பிடுகிறார் என்றாள். அதைச் சொல்லும்போது கை நகத்தை விட்டிருந்தது. அவள் செய்ததற்குப் படிப்பே இருக்கிறது, ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர், பெற்றோர் இருவருமே கேள்விப்பட்டதில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல் எல்லாம் உண்டு, இந்தத் துறையினரின் உலகக் கூட்டமைப்பு வைத்திருக்கும் அளவுகோல்படி குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சியும் உண்டு. அடிபட்டவர் மறுபடி சட்டைப் பொத்தான் போட, பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தை எழுத, மனச்சோர்வில் படுத்தவர் குளியலில் தொடங்கி ஒரு நாளைத் துண்டு துண்டாக மீட்டெடுக்க உதவுகிற வேலை இது. மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, மனநல மையம் என்று பல இடங்களில் ஆள் தேவை. டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக இதைப் பார்க்க வேண்டாம், இதற்கென்று தனிப் பொறுமை வேண்டும், அது அவளிடம் இருக்கிறது.

பணத்தில் நான் கறார். மூன்றாம் முறை பயிற்சிக்காகக் கடன் வாங்காதீர்கள், இந்தப் படிப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு கட்டாதீர்கள், கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பெரியப்பாவிடம் பேசுவது உங்கள் பொறுப்பு, அவளை அனுப்பாதீர்கள். அனுமதி கேட்டு ஒரு சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வேறு பார்ப்போம், ஆனால் அதை அவள் வாயால் சொல்ல வேண்டும்.